நிற்காமல் பறக்கும் விமானமும் இடையில் நிற்கும் மூட்டையும்



அண்மையில் நமது வட்டாரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில், வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர் மொத்த வியாபாரிகளாகிய நம்மைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். "சிங்கப்பூரில் ஏறினால் நியூயார்க்கில் இறங்கலாம். பதினெட்டு மணி நேரம், நடுவில் எங்கும் நிற்காது. உலகம் இப்படி ஆகிவிட்ட பிறகு, ஒரு மூட்டை துவரம் பருப்பு மட்டும் ஏன் ஆலை, மண்டி, கடை என்று நின்று நின்று வரவேண்டும்? நடுவில் இருப்பவர்களை எடுத்துவிட்டால் விலை தானாகக் குறைந்துவிடும்" என்பது அவருடைய வாதம். கைதட்டல் பலமாகவே இருந்தது. தட்டியவர்களில் நம் சில்லறைக் கடைக்காரர்கள் சிலரும் இருந்தார்கள் என்பதுதான் நமக்கு உறுத்தலாக இருந்தது.

பேச்சாளர் மீது நமக்குக் கோபம் ஏதுமில்லை. நம்மைத் திட்டுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டு எதுவும் சொல்வதில்லை. இவர் விமானத்தைச் சொன்னார். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. விமானம் ஓட்டுவதும் வியாபாரம்தான். அதற்கும் எடை உண்டு, எரிபொருள் செலவு உண்டு, காலியாகப் போனால் நஷ்டம் உண்டு. அவர் காட்டிய அந்த விமானத்தின் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு, நம் தராசில் நிறுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து வேலை பார்ப்பதால், இந்த விவரங்கள் நம் வீட்டிலேயே பேசப்படுகிறவைதான்.

முதலில் தூரம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். பயணிகள் இடைநிற்காமல் செல்லும் சேவைகளில் இதுவே உலகில் மிக நீண்டது என்ற பெயரோடு 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, பக்கத்திலுள்ள நூவர்க் விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் குறைவான தூரத்தில் இதே போன்ற சேவை இருந்தது. அட்டவணைப்படி போவதற்கு 18 மணி நேரமும், திரும்புவதற்கு அதைவிட அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகவும் ஆகும்.

அட்டவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி நேரம் பறந்தால், கோடைக்காலத்தில் நியூயார்க் கடிகாரம் அதே தேதி மாலை 6 மணியைத்தான் காட்டும். இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம். ஆறே மணி நேரத்தில் அமெரிக்கா போய்விட்டதாக ஒருவர் நம்மிடம் சத்தியம் செய்தால், அவர் பொய் சொல்லவில்லை; உள்ளூர் நேரத்தை வைத்துக் கழித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தத் தூரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுவரில் மாட்டிய படத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தால் வராது. பள்ளிக்கூடத்து உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் அது எங்கே படிகிறதோ அதுதான் குறுக்குவழி. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நூலைப் பிடித்தால் அது வட துருவத்தின் பக்கமாக ஏறி இறங்கும். ஆனால் விமானி அந்த நூலின் மேலேயே போவது அபூர்வம். காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்து, பசிபிக் கடல் மேலாகக் கூடுதல் தூரம் சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்ச் சேர்வார்.

இதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான சான்று இருக்கிறது. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு விமானம் விட்டபோது, மேற்கே அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்தார்கள். 2016 அக்டோபரில் அதையே கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசுகிறது. அதன் முதுகில் ஏறிக்கொண்டு போனார்கள். 1,400 கிலோமீட்டர் அதிகம் ஓடி இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேருவது என்றால், லாரி செட்டில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நேர்வழிச் சாலையில் இரண்டு நாள் லோடுக்குக் காத்திருக்கும் வண்டியைவிட, சுற்று வழியில் இன்று இரவே கிளம்பும் வண்டியில் மூட்டையைப் போடுகிறவர்கள்தானே நாம்.

மின் வழிச்சீட்டில் அரசாங்கம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கு முன்பு அது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. வண்டியும் சாலையும் சரக்கும் வழக்கம்போலவே இருந்தன. ஒரு உத்தரவில் நம் மூட்டைகளுக்கு வேகம் இரட்டிப்பாகிவிட்டது! தூரம் ஒரு கணக்கு, காலம் வேறொரு கணக்கு என்பதை இந்தச் சீட்டைவிட நன்றாக யார் நமக்குச் சொல்லித்தர முடியும்?

இனி பேச்சாளர் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வருவோம். அந்த விமானத்தின் எடைக் கணக்கு.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் இந்த வழிக்கென்றே வாங்கிய ஏர்பஸ் ஏ350-900 நெடுந்தூர வகை விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அதே உருவமுள்ள சாதாரண ஏ350-900இல் பிடிப்பது சுமார் 1,41,000 லிட்டர். விமான எரிபொருள் லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்துக்கொண்டால், நிறைத் தொட்டி சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். அதாவது தொட்டியை நிரப்பிக் கிளம்பினால் ஓடுபாதையில் ஓடுகிற எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள்.

ஏற்றுவது எத்தனை பேரை? 161 பேரை. பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 100 கிலோ போட்டாலும் 16 டன் சொச்சம். 16 டன் சரக்கைச் சேர்ப்பிக்க 132 டன் எரிபொருள். தலைக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதே நிறுவனம் மற்ற நெடுந்தூர வழிகளில் ஓட்டும் ஏ350இல் 253 இருக்கைகள் உண்டு. இங்கே 161தான். சாதாரண வகுப்பே கிடையாது. 67 இருக்கைகள் உயர் வகுப்பு, 94 இருக்கைகள் அதற்கு அடுத்த சலுகை வகுப்பு. வயிற்றுப் பகுதியில் முன்பக்கத்துச் சரக்கு அறையை மூடியே வைத்துவிட்டார்கள். பாதிக் கடையைப் பூட்டிவிட்டு மீதிப் பாதியில் இரட்டை விலைக்கு விற்பது போன்ற வியாபாரம் இது. வாங்க ஆள் இருக்கும்வரை தவறில்லை.

ஏன் இப்படி என்றால், கடைசி மணி நேரத்தில் எரிக்கப்போகும் எரிபொருளையும் முதல் மணி நேரத்திலிருந்து சுமக்க வேண்டியிருக்கிறது. விமானத்தில் ஒரு டன் எடையைக் கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கு மட்டும் மணிக்கு அந்த எடையில் 3 சதவீதம் அளவுக்கு எரிபொருள் அதிகமாகச் செலவாகும் என்பது தோராயக் கணக்கு. நாலு மணி நேரப் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. பதினெட்டாவது மணியில் ஒரு டன் எரிபொருள் மிச்சமிருக்க வேண்டுமானால், கிளம்பும்போது ஒன்றே முக்கால் டன் ஏற்றவேண்டி வரும். முக்கால் டன் வழியிலேயே தன்னைத் தானே தூக்கிக் கரைந்துபோகிறது. கூட்டு வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சேவையின் கதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2004இல் முதன்முதலாகச் சிங்கப்பூர்-நூவர்க் விமானம் தொடங்கியபோது, நாலு இயந்திரம் கொண்ட ஏ340-500 ஓடியது, 181 இருக்கைகள். 2008இல் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு வெறும் 100 உயர்வகுப்பு இருக்கைகளாக மாற்றினார்கள். பணக்காரர்களை மட்டும் ஏற்றியும் எரிபொருள் விலை விடவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் அந்த வழியில் நில்லாப் பயணமே கிடையாது. இரண்டே இயந்திரத்தில், முந்தைய தலைமுறையைவிடக் கால் பங்கு எரிபொருள் குறைவு என்று சொல்லப்படும் புதிய விமானம் வந்த பிறகுதான் 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். "உலகம் மாறிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். மாறி, பின்வாங்கி, ஐந்து வருடம் கதவடைத்துக் கிடந்து, மறுபடி மாறியிருக்கிறது.

இடையில் ஒரு வார்த்தை வித்தியாசத்தையும் நம் அன்பர்கள் கவனிக்க வேண்டும். விமான வியாபாரத்தில் 'நேரடி' என்பது வேறு, 'நில்லா' என்பது வேறு. ஒரே எண்ணுள்ள விமானம் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, ஆள் மாற்றி, எரிபொருள் நிரப்பி நியூயார்க் போனாலும் அது நேரடிச் சேவைதான். அந்த வழியில் முதல் கட்டம் சுமார் 10,300, இரண்டாவது கட்டம் சுமார் 6,200 கிலோமீட்டர். நில்லா வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதல். பயணம் ஏறக்குறைய ஒரு முழு நாள். 'சுத்தமான' என்றும் 'கலப்படமற்ற' என்றும் 'முதல் ரகம்' என்றும் மூட்டையில் அச்சடித்து வருவதை நாம் பிரித்துப் பார்த்து வாங்குவதுபோல, இந்த வார்த்தைகளையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பயணிகள் சமாச்சாரம். பேச்சாளர் பேசியது பருப்பு மூட்டையைப் பற்றி. ஆகவே சரக்கு விமானம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆங்கரேஜ் என்று ஒரு ஊர். மக்கள் தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம். இந்த ஊரின் விமான நிலையம் சரக்கு கையாளுவதில் உலகின் முதல் ஐந்து இடங்களுக்குள் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு சரக்கை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. சீனா, ஹாங்காங், கொரியா, ஜப்பான் பக்கமிருந்து அமெரிக்காவின் உட்பகுதிக்குப் போகிற சரக்கு விமானங்கள் அங்கே இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஓட்டுநர்களை மாற்றிக்கொண்டு கிளம்புகின்றன. அதற்குத்தான் அந்த நிலையம்.

ஒரு உதாரணம். ஹாங்காங்கிலிருந்து சிகாகோவுக்கு நூல் பிடித்தால் சுமார் 12,500 கிலோமீட்டர். ஆங்கரேஜில் இறங்கிப் போனால் முதல் கட்டம் 8,100 சொச்சம், அடுத்தது 4,600 அளவு. மொத்தத்தில் கூடுவது சில நூறு கிலோமீட்டருக்குள். ஏனென்றால் ஆங்கரேஜ் ஏறத்தாழ அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. போயிங் 747 சரக்கு விமானம் 100 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு முதல் கட்டத்தைக் கடந்துவிடும். நிற்காமலே சிகாகோ போகவேண்டுமென்றால் சரக்கில் பெரும்பகுதியை இறக்கிவைத்துவிட்டு அந்த இடத்துக்கு எரிபொருள் ஏற்ற வேண்டும். வாடகை வருவது சரக்குக்கு; எரிபொருளுக்கு யார் வாடகை தருவார்கள்? ஆகவே இரண்டு மணி நேரம் போனாலும் போகட்டும் என்று இறங்கி ஏறுகிறார்கள்.

இதிலே நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஒரு காலத்தில் பயணிகள் விமானங்களும் ஆங்கரேஜில் நின்றுதான் போயின. சோவியத் நாட்டின் வான்வழி மூடிக் கிடந்ததால் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிறவர்கள் அலாஸ்காவைச் சுற்றிப் போனார்கள். 1980களின் இறுதியில் சோவியத் வான்வழி திறந்தது. நெடுந்தூரம் பறக்கும் புதிய விமானங்களும் வந்தன. பயணிகள் ஒரே மூச்சில் தாண்டிப்போகத் தொடங்கினார்கள். ஆங்கரேஜின் பயணிகள் வியாபாரம் படுத்தது. சரக்கு மட்டும் விட்டுப்போகவில்லை, வளர்ந்தது. மனிதனுக்கு நாலு மணி நேரம் மிச்சப்படுத்த அதிகப் பணம் தர மனம் வரும். அரிசி மூட்டைக்கு வராது. அது எங்கே எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்பதில்லை. சேதமில்லாமல், வாடகை குறைவாக, வேண்டிய நாளில் வந்ததா என்றுதான் வாங்குகிறவர் கேட்பார்.

அப்படியானால் நடுவில் இருப்பவனுக்கு எக்காலத்திலும் பயமில்லை என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். விமான வரலாறே அதற்கும் பதில் வைத்திருக்கிறது.

அட்லாண்டிக் கடலின் இந்தக் கரையில் அயர்லாந்து நாட்டின் ஷானன். அந்தக் கரையில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் காண்டர். 1940களிலும் 50களிலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறந்த விமானங்கள் ஒரே தாவலில் கடலைத் தாண்டுவது கடினம். இந்தக் கரையில் ஒருமுறை, அந்தக் கரையில் ஒருமுறை எரிபொருள் போட்டாக வேண்டும். இரண்டு சின்ன ஊருக்கும் கொண்டாட்டம். 1958இல் அந்த வழியில் ஜெட் விமானங்கள் வந்தன. இனி சில ஆண்டுகளில் எவரும் இங்கே இறங்கமாட்டார்கள் என்று கண்ணுள்ளவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

1959ஆம் ஆண்டு இரண்டு ஊரிலும் ஒவ்வொரு காரியம் நடந்தது. காண்டரில் பயணிகள் அமர்ந்து இளைப்பாற வெகு அழகான புதிய கூடம் ஒன்று கட்டி, ஜூன் மாதம் எலிசபெத் மகாராணியாரைக் கொண்டு திறந்தார்கள். இன்றும் கட்டடக் கலைஞர்கள் அதைப் போற்றுகிறார்கள். உட்காரத்தான் ஆள் குறைந்துகொண்டே போனார்கள். ஷானனில் அதே ஆண்டு விமான நிலையத்தை ஒட்டி, வரிச் சலுகையோடு தொழில் நடத்தும் தனி வட்டாரம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. விமானம் நிற்பது குறைந்தாலும் ஊருக்கு வேலை இருந்தது. உலகத்தின் முதல் விமான நிலையத் தீர்வையில்லாக் கடையை 1947இல் திறந்ததும் இதே ஷானன்தான். பிரெண்டன் ஓ ரீகன் என்பவர் இவற்றுக்கெல்லாம் முன்னின்றார். எரிபொருள் போடும் அரை மணி நேரத்தில் இறங்கி நிற்கிறவர் கையில் காசு இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். நம் பஸ் நிலையத்துக் கடைக்காரர்கள் இவரை மானசீக குருவாக ஏற்றுக்கொள்ளலாம்.

ஷானனுக்கு அரசாங்கப் பாதுகாப்பும் இருந்தது என்பதை மறைப்பது நியாயமல்ல. அமெரிக்காவுக்கும் அயர்லாந்துக்கும் இடையே பறப்பவை ஷானனில் நின்றாக வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. படிப்படியாகத் தளர்ந்து, 2008இல் அது முடிவுக்கு வந்தது. அந்த விதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, எதற்கெடுத்தாலும் அரசாங்கத்திடம் மனு எழுதும் நாம் யோசிக்க வேண்டும். மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. மனு மட்டும் போதாது.

காண்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வழி திடீரென்று மூடப்பட்டபோது, கடலின் நடுவே இருந்த விமானங்களுக்கு இறங்க இடமில்லை. 38 பயணிகள் விமானங்கள் காண்டரில் இறங்கின. பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள். பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வீடு சமைத்து, பல நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தேவையில்லை என்று எல்லோரும் தாண்டிப்போன ஊர்தான் அன்று ஓடுபாதையோடு தயாராக இருந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோதும் இதேதான். டில்லியிலிருந்து நிற்காமல் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த விமானங்கள் சில, வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக நேர்ந்தது. 2022இல் ரஷ்ய வான்வழி மூடியதும் பின்லாந்திலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு 13 மணி நேரம் ஆயிற்று. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்த முதல் வாரத்தில், தெருக்கோடி மளிகைக் கடையில் பருப்பு இருந்ததே, அது எங்கே இருந்து வந்தது? நம் கிட்டங்கியில் நின்ற மூட்டையிலிருந்து வந்தது.

இப்போது நம் வழிக்கு வருவோம். குல்பர்கா பக்கத்து ஆலையிலிருந்து துவரம் பருப்பு 20 டன், 25 டன்னாகத்தான் லாரியில் ஏறும். நம்மிடம் வாங்கும் கடைக்காரர் வாரத்துக்கு இரண்டு மூட்டை எடுப்பவர். அவர் நேரே ஆலையில் வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை. முழு லோடு எடுத்தால் வருடக்கணக்கான சரக்குக்கு இன்றே பணம் கட்டி, வண்டு பார்த்து, மழைக்குப் பாதுகாத்து, விலை இறங்கினால் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூட்டையைப் பார்சலில் போட்டால், கூலி சரக்கின் லாபத்தைத் தின்றுவிடும். இதுதான் அந்த விமானத்தில் மூடிக்கிடந்த முன்பக்கத்து அறை. நிற்காமல் வருவதற்காக எரிபொருளாகச் சுமக்க வேண்டியது என்னவென்றால், அவருடைய முடங்கிய முதல்.

அதே சமயம், வழியில் இருப்பது வேறு, வழிமாறி இருப்பது வேறு. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே 2,900. நியூயார்க் போகிறவர் துபாய் வழியாகப் போனால் மொத்தம் 14,000க்குள் முடிந்துவிடும். நேர்கோட்டுத் தூரமே 13,500 அளவு என்பதால் கூடுதல் வெகு சொற்பம். சிங்கப்பூர் போய் அங்கிருந்து நில்லா விமானம் பிடித்தால் 18,000ஐத் தாண்டும். உலகத்தின் மிக நீண்ட நில்லாப் பயணம் நம் சென்னைக்காரருக்குச் சுற்றுவழி! முதல் கட்டத்தின் தூரம் ஒன்றுதான். ஒன்று போகிற திசையில் இருக்கிறது, மற்றது எதிர்த் திசையில் இருக்கிறது.

நம்மிடையிலும் எதிர்த் திசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. சரக்கைக் கண்ணால் பார்க்காமல், கிட்டங்கியில் இறக்காமல், போனிலேயே ஒரு கை மாற்றிவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறவர்கள். மூட்டையைப் பிரித்துச் சலிப்பதில்லை, ரகம் பிரிப்பதில்லை, கடன் தருவதில்லை, கெட்ட சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை. அங்கே விமானம் இறங்குகிறது, எரிபொருள் போடுவதில்லை, ஆளும் மாறுவதில்லை, இறங்கு கட்டணம் மட்டும் வசூலாகிறது. இப்படிப்பட்ட நிறுத்தத்தைத் தாண்டிப் போவது நியாயம்தான். பேச்சாளருக்குக் கைதட்டிய கடைக்காரர்கள் இவர்களை நினைத்துத் தட்டியிருந்தால் அதில் நமக்கு வருத்தமில்லை.

ஆனால் 'நடுவில் யாரும் இல்லை' என்று விளம்பரம் செய்து, சில நிமிடங்களில் வீட்டு வாசலில் சாமான் வைக்கிறோம் என்கிறார்களே, அவர்கள் நடுவை எடுத்துவிட்டார்களா? நகரத்தில் பகுதிக்குப் பகுதி வாடகைக்கு இடம் பிடித்து, அலமாரி அடித்து, சரக்கை இறக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை இல்லை, வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது. மற்றபடி அது கிட்டங்கி அல்லாமல் வேறென்ன? அவர்கள் ஆங்கரேஜை மூடவில்லை. நம்முடையதற்குப் பக்கத்தில் தங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார்கள். அதற்கு எரிபொருள், இப்போதைக்கு, முதலீட்டாளர் பணம். அந்தத் தொட்டியும் எத்தனையாவது மணி நேரம் வரை வரும் என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம். ஆனால் பொறுத்திருப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியாது.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சரக்கு எங்கே, எத்தனை மணி நேரம் நின்றது என்பது அவர்களுக்கு எழுத்தில் தெரியும். நமக்குத் தெரியாது. பற்று வரவு நயா பைசா வரை எழுதிவைக்கும் நாம், நேரத்துக்குக் கணக்கு வைத்ததே இல்லை. "சரக்கு வழியில் இருக்கிறது" என்று கடைக்காரரிடம் சொல்கிறோம். எந்த வழியில், எத்தனை நாளாக என்று கேட்டால், லாரி செட்டுக்குப் போன் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறோம். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் துவரை, உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய் வற்றல், சர்க்கரை ஆகிய ஐந்து சரக்குகளுக்கு மட்டும் ஒரு மாதம் தாள் ஒன்று எழுதிவர வேண்டும். ஆலைக்கு ஆர்டர் சொன்ன நாள், வண்டி கிளம்பிய நாள், நம் வாசலில் இறங்கிய நாள், கடைக்குப் போய்ச் சேர்ந்த நாள், கடையிலிருந்து பணம் வந்த நாள் என்று ஐந்து கட்டம் போதும். சில்லறைக் கடைக்காரர்களும் தங்கள் பங்குக்கு, நம்மிடம் கேட்ட நாளையும் கைக்கு வந்த நாளையும் எழுதலாம். இரண்டு தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். கடைப் பெயர் வேண்டாம். ஊரும் சரக்கின் பெயரும் இருந்தால் போதும். மாத முடிவில் தாள்களைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த செயற்குழுவில் ஒவ்வொரு சரக்கும் எந்தக் கட்டத்தில் அதிக நாள் நிற்கிறது என்று தொகுத்து வைப்பதாகச் செயலாளர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாள் அச்சடிக்கும் செலவை நமது கடையே ஏற்றுக்கொள்கிறது.